பார்வதிபுரத்தில் இறங்கிய அம்மாவுக்கு

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்த மாலைப் பேருந்தில், என் 9 வயது மகனின் திக்கும் பேச்சைச் சில மாணவர்கள் நடித்துக் காட்டிச் சிரித்தபோது, தாயாகிய நான் செய்வதறியாது நின்றேன். அம்மா, நீங்கள் யாரையும் அதட்டவில்லை, அவனருகே வந்தமர்ந்து, எந்த வகுப்பு என்று கேட்டு, அவன் "நா... நா..." என்று தடுமாறிய நேரமெல்லாம் சொல்லை எடுத்துக் கொடுக்காமல், அவசரப்படுத்தாமல், அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தீர்கள். (மெதுவாகப் பேசு என்று நானே எத்தனை முறை சொல்லி அவனை மேலும் பதற வைத்திருக்கிறேன்!) பிறகு அந்த மாணவர்களையும் அழைத்து, அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்கச் செய்தீர்கள்; அவர்களில் ஒருவன் வில்லுக்குறியில் இறங்கும்போது அவனுக்குக் கையசைத்தான். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்பதிவு உங்களை எட்டினால், என் நன்றியோடு இதையும் அறிந்துகொள்ளுங்கள்: நேற்று வகுப்பில் அவன் தானாகவே கைதூக்கிப் பதில் சொன்னானாம்.