ஆங்கிலத் துறையில் சேரும் அம்முணிக்கு

அன்புள்ள அம்முணிக்கு,

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறியாச்சு, ஈரோட்டு எய்டட் (அரசு உதவிபெறும்) கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு உத்தரவும் வந்தாச்சு. எம்.ஏ. வகுப்பு வேண்டுமென்று துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) முன்னால் போய் நிற்காதே கண்ணு. புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பகுதி 2 ஆங்கிலம்தான், அதாவது மற்றப் பாடப் பிள்ளைகளும் படிக்கிற பொது ஆங்கிலம்: முதலாமாண்டு பி.காம்., பி.எஸ்சி., வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) விதிப்படி உனக்கு வாரம் 16 மணி நேரம் பாடம். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அந்த வகுப்பைவிட நல்ல இடம் கிடையாது.

அந்தியூர், பவானி, சிவகிரி பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களில் பலர் தமிழ்வழி. ஆங்கிலப் பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான். ஆனால் பாதிக்குமேல் மனப்பாடம். கவிதையை வரிக்கு வரி தமிழில் சொல்லி, கடைசியில் நோட்ஸ் கொடுத்தால் வகுப்பு அமைதியாக இருக்கும், போர்ஷனும் முடியும். கடையில் விற்கிற கைடும் அதையேதான் செய்கிறது. அதற்குப் பதில் கால் மணி நேரம் தமிழில் விஷயத்தைச் சொல். இருபது நிமிடம் மூலத்தை வாய்விட்டுப் படிக்க வை. மிச்ச நேரத்தில் சொந்தமாக நாலே வாக்கியம் எழுதச் சொல்.

திருத்துவதில்தான் புதியவர்கள் சலித்துப்போகிறார்கள். அறுபது தாள், தாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். அத்தனை பிழையையும் சிவப்பு மையில் சுழித்தால், பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடும். வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை எடு. முதலில் எழுவாய்க்கேற்ற வினை, அப்புறம் இறந்தகாலம். ‘ஏ’, ‘தி’ எல்லாம் கடைசியில். தமிழில் அதற்கு நேர் இணை இல்லாததால் விதி சொல்லி வராது, படிக்கப் படிக்கத்தான் படியும். ‘இஸ்கூல்’ என்பதற்காக யாரையும் எழுப்பி நிறுத்தாதே. ‘பேக்’ என்றால் பையா முதுகா என்று குழம்பினால் மட்டும் திருத்து.

அடுத்து ஃபைல். நியமன ஒப்புதல் கோவை மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து வந்ததும் நகல் எடுத்துவை; பணிப்பதிவேட்டில் பதிவு விழுந்ததா என்று பார். நீ சேருவது சம்பள வரிசையில் லெவல் 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டில் லெவல் 11, எம்.ஃபில்.லும் இல்லாவிட்டால் 6 ஆண்டு. அதற்குள் 21 நாள் ஓரியன்டேஷன் (ஆசிரியர் பயிற்சி வகுப்பு) முடிந்திருக்க வேண்டும். ‘அடுத்த லீவில் போகலாம்’ என்று தள்ளிப்போட்டால், பயிற்சி முடிக்கிற தேதிக்குத்தான் உயர்வும் போகும். இணைப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயம்.

அதனால் பகுதிநேர பிஎச்.டி. பதிவை ரொம்ப நாள் தள்ளாதே. கல்லூரியில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அதற்கே நாளாகும். குறைந்தது மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறுக்குள் முடிக்க வேண்டும். ஆய்வுக் காலத்தில் பேறுகால விடுப்பு 240 நாள் வரை உண்டு. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு யார் என்று முடிவெடுக்கும்முன் இரண்டு விஷயம் விசாரி. ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இடம் காலியா? ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதியவரைச் சேர்க்கவே முடியாது. அவருக்கு எத்தனை வருசம் பாக்கி? பேர் பெற்றவர் என்பதற்காக மட்டும் போகாதே. அனுப்புகிற அத்தியாயத்தைப் படித்துத் திருப்பித் தருகிறவரா என்று, அவரிடம் இப்போது இருக்கிற பிள்ளைகளிடமே கேள்.

அன்புடன்,
அப்பா