வியர்வை மட்டுமே அளவுகோலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வெல்பவரைப் பார்த்து, 'ஓடவில்லை, குதிக்கவில்லை, இவர் எப்படி விளையாட்டு வீரர்?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1896-இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற போட்டி அது. 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதைக் குறிவைப்பவர் மூச்சை அடக்கி, உடலின் சிறு நடுக்கத்தையும் கட்டுக்குள் வைத்து விசையை அழுத்த வேண்டும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இவ்விளையாட்டில் போட்டிக் காலத்தில் மட்டுமன்றி எப்போதுமே தடை செய்யப்பட்டிருப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஆகவே, பயிற்சி பெற்ற உடலின் செயல்பாடு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறதா என்பதே சரியான கேள்வி எனக் கருதுகிறேன். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பை அங்கீகரித்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் சதுரங்கம் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும், ஒருவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் காயை நகர்த்தினாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது என்பதால், அதை மாபெரும் அறிவுப் போட்டி என்று போற்றுவதே பொருத்தம். அதனால் அதன் பெருமை எள்ளளவும் குறையாது. துப்பாக்கியின் விசையை அப்படி இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது.

வீரர் என்ற பெயர் பதக்கம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. முறையான பயிற்சியும் விதிகளுக்கு உட்பட்ட போட்டியும் வாழ்வின் பகுதியாகிவிட்ட ஒருவர், கடைசி இடத்தில் வந்தாலும் விளையாட்டு வீரரே. தகுதிச் சுற்றோடு வெளியேறுபவர்களின் பெயர்களையும் புள்ளிகளையும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தவறாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்