ஹோகன் வீடு திரும்பிய ஆண்டுகள்

உதகமண்டலம்,
மார்கழி 22.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். பனிக்காலம் என்பதால் அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் கூடியிருக்கிறது. வேறு குறை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியதை அவள் ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னாள். ஆண்டிறுதி கோல்ஃப் தரவரிசையில் பின்தங்கியதால் அடுத்த ஆண்டுக்கான ஆட்ட உரிமை உன் கையைவிட்டுப் போனதையும், செலவுக்கு உதவுவதாக ஏற்றுக்கொண்ட நிறுவனம் பாதியில் விலகிக்கொண்டதையும், மட்டைகளை விற்றுவிட்டுப் பெங்களூரிலேயே ஒரு வேலையில் சேர்ந்துவிடலாமா என்று நீ யோசிப்பதையும் அறிந்தேன். அவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. ஆனால் பொங்கலுக்கு வா என்று அம்மா அழைத்தபோது, "எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன்" என்று கேட்டாயாம். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக இல்லை. தொலைபேசியில் பேசினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

சிறு வயதில் உனக்கு நான் அடிக்கடி சொன்ன கதை அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர் பென் ஹோகனுடையது. பன்னிரண்டு வயதில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கும் வேலைக்குச் சேர்ந்த எனக்கு, படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நடக்கும்போது சொன்ன கதை அது. அதை உனக்குச் சொன்ன நேரத்தில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். ஹோகனின் காரில் பேருந்து மோதிய இடத்திலிருந்து கதையைத் தொடங்கி, அவர் கோப்பை வாங்கிய இடத்தில் முடித்தேன். நீயும் அதையே கேட்டுக் கேட்டு வளர்ந்தாய். விபத்துக்கு முன்பு அவர் வாழ்க்கையில் ஒரு பத்தாண்டு இருந்தது. அதை நான் பின்னாளில் நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் உனக்குச் சொல்லவில்லை. வெற்றி இல்லாத பத்தாண்டைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஹோகன் 1912ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். 1922இல் அந்தத் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது ஒன்பது. ஃபோர்ட் வொர்த் ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்த அந்தப் பையன், பை தூக்கினால் கூலி அதிகம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கிளென் கார்டன் என்னும் கோல்ஃப் மன்றத்துக்குச் சென்றான். அங்கே அதே வயதில் பை தூக்கிக்கொண்டிருந்த இன்னொரு பையன் பைரன் நெல்சன். 1927இல் பை தூக்கும் பையன்களுக்காக நடந்த கிறிஸ்துமஸ் போட்டியில் இருவரும் சமநிலையில் முடித்தார்கள். கூடுதல் ஆட்டத்தில் நெல்சன் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். ஹோகன் 1930இல், பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். தனி ஆட்டக்காரராக அவர் வென்ற முதல் தொழில்முறைப் போட்டி 1940 மார்ச்சில், வட கரோலினா மாநிலத்தின் பைன்ஹர்ஸ்ட்டில் நடந்தது. இடையில் பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் நெல்சன் கோல்ஃபின் பெரும் பட்டங்களில் இரண்டை, 1937இல் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் 1939இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தையும், வென்றுவிட்டார். ஒரே மன்றத்தில் ஒரே கூலிக்குப் பை தூக்கிய இருவரில் ஒருவர் உச்சிக்குப் போய்விட, மற்றவர் அடுத்த வாரச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னோடு பயிற்சி செய்த பையன்களின் பெயர்களை நாளிதழில் பார்க்கும்போது உன் மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும், தம்பி.

அந்த ஆண்டுகளில் ஹோகன் செய்த ஒரு காரியத்துக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். 1930களின் தொடக்கத்தில் அவர் ஊர் ஊராகப் போட்டிகளுக்குச் சென்று, கையில் இருந்த பணம் தீர்ந்து, ஒருமுறைக்கு மேல் ஃபோர்ட் வொர்த்துக்கே திரும்பி வந்தார். வந்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்தார். பணம் சேர்ந்ததும் மறுபடி புறப்பட்டார். 1935இல் வேலரி என்ற பெண்ணை மணந்துகொண்டார்; அதன்பின் கணவனும் மனைவியும் ஒரு பழைய காரில் ஏறிச் சேர்ந்தே பயணம் செய்தார்கள். 1938 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில், சேமிப்பெல்லாம் கரைந்துபோயிருந்த நிலையில், ஒருநாள் காலை வெளியே வந்து பார்த்தால் காரின் சக்கரங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேறொருவர் வண்டியில் மைதானத்துக்குப் போய் அன்றைய ஆட்டத்தை ஆடினார். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் பரிசுத்தொகையில் ஒரு பங்கு கிடைத்தது, அடுத்த ஊருக்குப் போக அது போதுமானதாக இருந்தது.

அவரை அத்தனை ஆண்டுகள் தடுத்தது அதிர்ஷ்டக் குறைவு மட்டுமன்று. அவருடைய பந்து ஹூக் ஆகும். உடல் சிறியது, தூரம் வேண்டி முழு வலிமையோடு வீசுவார், பந்து இடப்பக்கம் வளைந்து, தரையில் விழுந்த பிறகும் உருண்டோடிப் புதருக்குள் போய்விடும். நம் மைதானத்தில் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதருக்குள் கையை விட்டு உன் பந்தை எத்தனை முறை எடுத்துத் தந்திருப்பேன் என்பதை என் முன்கைகள் இன்னும் மறக்கவில்லை. ஹென்றி பிக்கார்ட் என்ற மூத்த ஆட்டக்காரர் ஹோகனின் இடக்கைப் பிடியை மாற்றிக் கொடுத்தார். பணமில்லாமல் போனால் தாம் உதவுவதாகவும் சொன்னார். அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். ஹோகன் மட்டும் பயிற்சித் திடலில் இருட்டும்வரை பந்தடித்துக்கொண்டிருப்பார். 1940இல் பைன்ஹர்ஸ்ட்டில் வென்ற கையோடு அடுத்த இரண்டு போட்டிகளையும் வென்றார். அந்த ஆண்டும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் பரிசுப்பணத்தில் முதலிடம் அவருக்குத்தான்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதே. 1942 மாஸ்டர்ஸ் போட்டியில் அவரும் நெல்சனும் சமநிலையில் முடித்து மறுநாள் கூடுதல் ஆட்டம் ஆடினார்கள். நெல்சன் 69 அடி, ஹோகன் 70; அடி குறைந்தவருக்கே வெற்றி. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே மனிதரிடம் அதே ஓரடியில் தோல்வி. 1946 மாஸ்டர்ஸின் கடைசி க்ரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில், பந்தைக் குழியில் தள்ள மூன்று புட் (பந்தை உருட்டும் மெல்லிய அடி) எடுத்துக்கொண்டு, ஒரே அடியில் பட்டத்தை இழந்தார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனிலும் கடைசி க்ரீனில் அதே மூன்று புட், அதே ஓரடி. அந்தக் கோடையே அவர் பி.ஜி.ஏ. பட்டத்தை வென்றார், பெரும் பட்டங்களில் அதுவே அவருக்கு முதலாவது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. உனக்கு இருபத்தாறு. இதைக் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

விபத்தை நீ அறிவாய், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1949 பிப்ரவரி 2ஆம் தேதி காலை, பனிமூட்டத்தில், லாரியை முந்த முயன்ற பேருந்து எதிரே வந்து மோதியது. மனைவியைக் காக்க ஹோகன் அவர்மேல் குறுக்காகப் பாய்ந்தார். ஹோகன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஸ்டியரிங் தண்டு பாய்ந்தது. இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்தன. கால்களில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறத் தொடங்கியதால், நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற அறுவை மருத்துவரைப் படை விமானத்தில் வரவழைத்து, வயிற்றில் உள்ள பெருஞ்சிரையைக் கட்டினார்கள். உயிர் பிழைத்தது, கால்களில் இரத்த ஓட்டம் மட்டும் பழையபடி ஆகவேயில்லை. 59 நாள் மருத்துவமனையில் கிடந்தவர், பதினாறு மாதம் கழித்து 1950 ஜூனில் மெரியான் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் ஆடினார். கடைசி நாளில் 36 குழிகளை, கட்டுப்போட்ட கால்களோடு நடந்தே முடித்தார். மறுநாள் கூடுதல் ஆட்டத்தில் லாயிட் மாங்ரம் 73, ஜார்ஜ் ஃபாசியோ 75, ஹோகன் 69.

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் வியந்து சொல்கிறார்கள். நானும் வியக்கிறேன். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது அவருக்குப் புதிதாக ஒரு மன உறுதி வந்து இறங்கியதாக நான் நம்பவில்லை. கையில் காசில்லாமல் ஊருக்குத் திரும்பி, அக்கம்பக்கத்தார் பார்க்க அங்கே வேலை செய்து, பிறகு மறுபடியும் போனாரே, அப்போதே அவர் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

1953இல் அவர் பிரிட்டிஷ் ஓப்பன் ஆட ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டிக்குப் போனதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உன் நிலைமைக்கு மிக நெருக்கமானது. அங்கே அப்போது ஆடிய பந்து அமெரிக்கப் பந்தைவிடச் சிறியது, தரையும் வேறு. அவர் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே போய், எந்த மட்டைக்கு எவ்வளவு தூரம் என்று முதலிலிருந்து பழகினார். நான்கு சுற்று ஆட்டத்தில் 73, 71, 70, 68 என்று ஒவ்வொரு சுற்றிலும் குறைத்துக்கொண்டே வந்து வென்றார். நீ 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில், மெல்லிய காற்றில் ஆட்டம் பழகியவன். இங்கே உன் ஏழாம் எண் இரும்பு மட்டையில் பந்து போகும் தூரத்துக்குச் சென்னையில் ஆறாம் எண் தேவைப்படும். சமவெளியில் முதல் இரண்டு ஆண்டுகள் உன் பந்துகள் க்ரீனுக்கு முன்பே விழுந்ததற்கு உன் பயம் காரணம் என்று பயிற்சியாளர் ஒருவர் சொன்னதாக நீ வருந்தினாய். பயமாகவும் இருந்திருக்கலாம். காற்றும் ஒரு காரணம் என்பதை அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும்; எழுதாமல் விட்டது என் பிழை.

கடைசியாக 1955. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் மன்றத்தில் அமெரிக்க ஓப்பன். ஹோகன் ஆடி முடித்தபோது ஐந்தாவது முறையாக அவரே வென்றுவிட்டதாகப் பலரும் வாழ்த்தினார்கள். அதன்பின் அயோவா மாநிலத்து நகராட்சி மைதானம் ஒன்றில் வேலை பார்த்த ஜாக் ஃப்ளெக் என்பவர், அதுவரை யாரும் கேள்விப்படாதவர், கடைசி க்ரீனில் பந்தைக் குழியில் தள்ளிச் சமன் செய்தார். அவர் ஆடிய மட்டைகள் ஹோகனின் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. மறுநாள் கூடுதல் ஆட்டத்தில் ஓரடி பின்தங்கியிருந்த ஹோகன் கடைசிக் குழிக்கு வந்து டிரைவர் என்னும் நீள மட்டையை வீசினார், கால் வழுக்கியது, பந்து இடப்பக்கம் வளைந்து முழங்கால் உயரப் புல்லுக்குள் போனது. வாலிப வயதில் அவரை வாட்டிய அதே ஹூக், நாற்பத்திரண்டாம் வயதில் ஒரு முறை வந்துவிட்டுப் போனது. புல்லிலிருந்து வெளியே வரவே மூன்று அடிகள் ஆயின. ஆட்டம் முடிந்ததும் அவர் தம் தொப்பியைக் கழற்றி, ஃப்ளெக்கின் புட்டர் மட்டை அவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் விதமாக அதற்கு விசிறிவிட்டார். அந்தப் புகைப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தோற்றவர் எல்லார் முன்னிலும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. டெல்லி மைதானத்தில் பை தூக்கி வளர்ந்த அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். அந்தச் செய்தி வந்த நாளில் நாங்கள் பை தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும் தேநீர்க் கடையில் ஒரே நாளிதழைச் சுற்றி நின்றோம். ஜீவ் மில்கா சிங் ஏழு ஆண்டுக்காலம் ஒரு பட்டமும் இல்லாமல் ஆடி, 2006இல் சைனா ஓப்பனையும், அதே ஆண்டு ஸ்பெயினில் வால்வோ மாஸ்டர்ஸையும் வென்றார். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை என்று நீ சொல்வாய், அது சரிதான். ஏழு ஆண்டு என்பது யாருக்கும் ஏழு ஆண்டுதான்.

நீ தொடர்ந்து ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்யும் உரிமை உனக்கு உண்டு, வயதும் உண்டு. வேலைக்குப் போவதானாலும் போ. மட்டைகளை விற்பதானாலும் விற்றுக்கொள். அவற்றை வாங்க நான் வாங்கிய கடன் சென்ற ஆடியிலேயே அடைந்துவிட்டது, அது உன் தோளில் இல்லை. உனக்குத் தோல்வி வந்திருக்கும் நேரத்தில், நீ பிறந்த வீட்டுக்கு வர உனக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஊரில் கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லியாயிற்று. இந்த ஆண்டு உரிமை கிடைக்கவில்லை, பையன் பொங்கலுக்கு வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன்.

போகிக்கு முந்தைய நாளே வந்துவிடு. பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு ஒன்பதுக்கு மேல் அடைத்துவிடுவதால் அதிகாலைப் பேருந்தையே பிடி. நண்பர்களின் காரில் கல்லட்டி மலைச்சாலை வழியாகப் பனிமூட்டத்தில் ஏறி வராதே. இப்போது தினமும் உறைபனி விழுகிறது. காலை ஒன்பது மணிவரை க்ரீன்களில் யாரையும் கால் வைக்க விடுவதில்லை, வைத்தால் புல் கருகிவிடும். நீ வந்தால் பனி உருகும்வரை நாம் ஓரமாக நடந்துவிட்டு வரலாம். உன் பழைய ஸ்வெட்டரை அம்மா வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அவள் முழங்காலுக்குத் தடவும் தைலம் இங்கே கடைகளில் தீர்ந்துவிட்டது. அங்கே கிடைத்தால் இரண்டு புட்டி வாங்கி வா.

அன்புடன்,
அப்பா