விலைகொடுத்து வாங்கிய கேசட்டும் பதிப்புரிமைச் சட்டமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியில், என் தகப்பனார் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த தமிழ்ப் பாட்டுக் கேசட்டுகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. நாடாவில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதால், அவற்றை எம்பி3 கோப்புகளாக மாற்றித் தருமாறு ஒரு கடையில் கேட்டேன். என் திருமண வீடியோவை வாங்கிக்கொண்ட கடைக்காரர், கேசட்டுகளைத் தொட மறுத்துவிட்டார். வருத்தம்தான், ஆனால் சட்டத்தைப் படித்தபோது அவர்மேல் பிழையில்லை என்று தெரிந்தது.

நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நூல்களையும் இசைப்படைப்புகளையும் சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் கையாள 12ஆம் பிரிவில் இடங்கொடுக்கிறது. திரைப்படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்குமான 16, 17ஆம் பிரிவுகளோ, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு விலக்கு அளித்து, சொந்த உபயோகத்தை விட்டுவிட்டன. ஆகவே, நானே என் கணினியில் மாற்றிக்கொண்டாலும் அது உரிமை மீறல்தான். (காசு கொடுத்து எடுக்கச் சொன்ன திருமணப் படம் சட்டப்படி என்னுடையது, அதன் பின்னணியில் ஒலிக்கும் சினிமாப் பாட்டு வேறொருவருடையது என்பதைக் கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை.)

இந்தியாவிலோ 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் சொந்த உபயோக விலக்கை விரித்திருக்கிறது. சென்னையில் பதிவான பாட்டுக்கு அங்குள்ள வீட்டில் உள்ள சலுகை, டர்பனில் இல்லை.

நம் நாடாளுமன்றம் இதை அறியாததன்று. 2017இல் வந்த திருத்த மசோதாவின் 12பி பிரிவு, தனிமனிதர் தம் சொந்த உபயோகத்துக்காக வடிவம் மாற்றுவதையும் காப்புப் பிரதி எடுப்பதையும் அனுமதிக்கிறது. அந்த மசோதா 2019இல் நிறைவேறி, 2020இல் குடியரசுத் தலைவரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2024 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறி, அதே ஆண்டு அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. ராயல்டி பற்றியும், அனுமதி கேளாமலே நியாயமான அளவில் பயன்படுத்தும் 'நியாயப் பயன்பாடு' பற்றியும் எழுந்த பெரிய சச்சரவுகளோடு என் கேசட் பெட்டியையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வருமானம் குறையுமோ என்ற கலைஞர்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஏற்கெனவே விலை கொடுத்தவரிடம், அதுவும் மறுபதிப்பே வராத பாட்டுகளுக்கு, மறுபடி எதை விற்கப் போகிறார்கள்?

மசோதாவுக்காகக் காத்திராமலே, 2022 செப்டம்பரில் அதே நீதிமன்றம், பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவங்களுக்கு நூல்களை மாற்ற வழிசெய்தது. அதுபோல, வடிவம் மாற்ற இடங்கொடுக்கும் அந்த ஒரு விதியை மட்டும் தனிச் சிறு மசோதாவாகப் பிரித்துக் கொண்டுவருமாறு நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முறையாக வாங்கிய பிரதிக்கு மட்டுமே அது பொருந்தட்டும். வீட்டில் கருவியில்லாதவருக்காகக் கூலிக்கு மாற்றித் தரும் கடைக்காரருக்கும் பாதுகாப்புத் தரட்டும். கோப்பை வைத்துக்கொண்டு கேசட்டை விற்பவருக்கு மட்டும் சலுகை வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.