மஞ்சள்காணியாக வந்த நாடுகள்

ரேவன்ஸ்பர்க், ஜெர்மனி,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உறையைப் பிரித்ததும் உன் குடும்பக் கொடிவழியை வரைந்து நாலாக மடித்த அந்தச் சார்ட் தாள்தான் முதலில் கைக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் கிண்ணங்களை வைத்து, படுக்கப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு தலைமுறை! பழைய பத்திரங்களைத் துழாவி, ஊர் ஊராகப் பஸ் ஏறி, இவ்வளவையும் நீ ஒருவனே திரட்டியிருக்கிறாய். விடுதியில் நம் அறை முழுவதும் உன் துண்டுக் குறிப்புகள் கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

இங்கே நாங்கள் நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நடக்க முடிகிறது. போடன் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறத் தொடங்கிவிட்டது. பகல் பதினொரு மணி வரை தெருவின் எதிர்ப்பக்கம் தெரிவதில்லை. மகள் அடுத்த மாதம் பிள்ளைகளோடு வருகிறாள்.

உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஆண் வாரிசு இல்லாத கிளைகளை அந்தந்த இடத்திலேயே முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். கும்பாபிஷேகத்துக்கு வரும் பங்காளிகளுக்கான படம் என்பதால் பெரியப்பா அப்படிச் சொல்லியிருக்கிறார். உன் பெயருக்குக் கீழேயும் ஒரு சிறு குறுக்குக் கோடு. இரண்டு பெண்களைப் பெற்று ஆளாக்கிய உன் பெயருக்குக் கீழே! அதைப் பார்த்தபோது, இங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு கோயிலில் உறங்கும் குடும்பத்தின் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஊரின் பெயர் வைன்கார்ட்டன். குன்றின்மேல் பிரம்மாண்டமான தேவாலயம். இப்போது இருக்கும் கட்டடம் 1724இல் அர்ப்பணிக்கப்பட்டது, ஆனால் அந்த மடத்தின் வயது ஆயிரத்தை நெருங்குகிறது. வெல்ஃப் குலத்தின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் இன்றும் வாழும் அரச குலங்களில் மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்று. ‘வெல்ஃப்’ என்றால் குட்டி, நாய்க்குட்டி அல்லது சிங்கக்குட்டி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் அவர்களிடமும் இருந்தது. ‘பெயரன்’ என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான் என்று நம் தமிழாசிரியர் சொல்லுவாரே, அது போல. வெல்ஃப், ஹைன்ரிக், கொன்ராட், ருடால்ஃப் என்று சில பெயர்களே மாறி மாறி வரும். ஒரு பெயர் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதைக் கொண்டே உறவைக் கணிக்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

இந்தக் குடும்பம் வரலாற்றின் வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு பெண்ணால்தான். வெல்ஃப் என்ற பிரபுவின் மகள் யூடித்தை 819இல் பேரரசன் லூயி, சார்லமேனின் மகன், இரண்டாம் தாரமாக மணந்தான். சில ஆண்டுகளுக்குப் பின், 827இல், அவளுடைய தங்கை எம்மாவைப் பேரரசனின் மூத்த தாரத்து மகன் மணந்துகொண்டான். உறவுமுறையைக் கணக்குப் போட்டுப் பார்: அக்காள் மாமியார், தங்கை மருமகள்! நம் ஊரில் முறை சொல்லி அழைக்கவே திணறியிருப்பார்கள். பெண்கள் இருவரும் அரண்மனைக்குள் போனதும் குடும்பத்தின் ஆண்களுக்குப் பதவிகள் வந்தன. ஒரு கிளை பர்கண்டிக்குப் போய் 888 முதல் 1032 வரை அரசாண்டது. இங்கே ஸ்வாபியாவில் தங்கிய கிளைதான் நம் கதைக்கு உரியது.

பத்தாம் நூற்றாண்டுக்கான ஆவணங்கள் மிகக் குறைவு. அந்த இடைவெளியை அவர்களும் நம்மைப் போலவே கதைகளால் நிரப்பினார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது எட்டிகோ என்ற முன்னோரின் கதை. அவருடைய மகன் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் பேரரசனிடம் சேவகம் ஏற்றுக்கொண்டான். தன் குலத்தின் சுதந்திரம் போயிற்றே என்று மனம் உடைந்த தந்தை, பன்னிரண்டு பேரை மட்டும் அழைத்துக்கொண்டு மலைக்குள் போய்விட்டார், சாகும் வரை மகன் முகத்தில் விழிக்கவில்லை. நடந்ததோ இல்லையோ, தங்களைப் பற்றி அவர்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதை இந்தக் கதை காட்டிவிடுகிறது.

இனி 1055க்கு வருகிறேன். உனக்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த ஓர் ஆண்டுக்காகத்தான். அந்த நவம்பரில், ஏரிக்கரையில் உள்ள போட்மன் கோட்டையில் மூன்றாம் வெல்ஃப் இறந்துபோனான். கரிந்தியா நாட்டின் பிரபு அவன். மனைவி இல்லை, மக்கள் இல்லை, ஆண்வழியில் வேறு எவரும் இல்லை. சொத்து முழுவதும் குடும்ப மடத்துக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கண் மூடினான். உன் படத்தில் வைத்துப் பார்த்தால் இங்கே ஒரு குறுக்குக் கோடு விழுந்திருக்கும். குலம் முடிந்தது.

அவனைப் பெற்றவள், இமிட்சா, அப்போது உயிரோடு இருந்தாள். மகன் சொன்னதை அவள் ஏற்கவில்லை. அவளுக்கு ஒரு மகளும் இருந்தாள், குனிகுண்டே. வட இத்தாலியில் ஆட்சோ என்ற எஸ்தே குலத்துப் பிரபுவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மகளுக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் பெயர், வெல்ஃப் என்றே வைத்திருந்தார்கள். இமிட்சா ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஆள் அனுப்பித் தன் மகள் வயிற்றுப் பேரனை வரவழைத்தாள். அவன் வந்தான். உண்மையான வாரிசு நானே என்று சொல்லி, மடத்துக்கு எழுதியதைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டு, தாய்மாமன் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டான். தமிழில் சகோதரியின் மகனுக்கு மருமகன் என்று தனிச் சொல்லே இருக்கிறது. அந்தச் சொல்லின் முழுக் கனத்தையும் இந்த இடத்தில்தான் உணர்ந்தேன்.

அந்த மருமகன்தான் நான்காம் வெல்ஃப். 1070இல் பவேரியாவின் பிரபுவானான். மடத்தையும் அவன் கைவிடவில்லை. சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பும் வழியில் 1101இல் சைப்ரஸ் தீவில் இறந்தபோதும், அவன் எலும்புகளை வைன்கார்ட்டனுக்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அவன் மனைவி பிளாண்டர்ஸ் நாட்டு யூடித் அந்த மடத்துக்கு அழகிய சுவிசேஷப் பிரதிகளையும், கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்பப்படும் திருப்பண்டத்தையும் கொடுத்தாள். கிறிஸ்து விண்ணேறிய திருநாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தத் திருப்பண்டத்தோடு குதிரை ஊர்வலம் நடக்கிறது. கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குதிரையில் வருவார்கள். நீ இங்கே வந்தால் அந்த வாரமாகப் பார்த்து வா.

ஆக, 1055க்குப் பின் வந்த ‘வெல்ஃப்’ அத்தனை பேரும் ஆண்வழியில் இத்தாலிய எஸ்தே குலத்தவர்கள். பெயரும் மண்ணும் கல்லறையும் அம்மா வழி. அந்தக் காலத்தவர்களுக்கு இதில் எந்தத் தயக்கமும் இல்லை. 1170 வாக்கில் இந்தக் குடும்பத்தின் வரலாற்றை லத்தீனில் எழுதிய, பெயர் தெரியாத ஆசிரியர், ஒரே குலம் தொடர்வதாகவே எழுதினார். ஒரு பிரபுக் குடும்பத்துக்காக எழுதப்பட்ட வரலாறுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. அதே நூற்றாண்டின் இறுதியில் வைன்கார்ட்டன் மடத்தில் அவர்களுக்கு ஒரு மரம் வரைந்தார்கள், அடியில் முதல் வெல்ஃப், மேலே மேலே சந்ததிகள். அந்தச் சுவடி இப்போது ஃபுல்டா நகர நூலகத்தில் இருக்கிறது. அதன் நகலைப் பார்த்த நாளிலிருந்து எந்தக் கொடிவழிப் படத்தைக் கண்டாலும் என் கண் முதலில் பெண்களின் பெயரைத்தான் தேடுகிறது.

தேடினால் கிடைப்பது என்ன தெரியுமா? நான்காம் வெல்ஃபின் மகன் ஹைன்ரிக், வுல்ஃப்ஹில்டை மணந்தான். அவளுடைய தந்தை, சாக்சனி ஆண்ட பில்லுங் குலத்தின் கடைசி ஆண், 1106இல் மகன் இல்லாமல் இறந்தார். அவர் நிலத்தில் அவள் பங்காக லூனபர்க் வந்தது. அவர்களுடைய மகன், கர்வக்காரன் என்று பட்டம் பெற்ற இன்னொரு ஹைன்ரிக், பேரரசன் லோத்தாரின் ஒரே மகள் கெர்ட்ரூடை மணந்தான். அவள் வழியாக வந்தது பிரவுன்ஷ்வைக். அதுவும் லோத்தாருக்கு அவர் மனைவி ரிஷென்ஸா கொண்டுவந்தது, ரிஷென்ஸாவுக்கு அவள் அம்மா வழியில் வந்தது! பிற்காலத்தில் நூற்றாண்டுக் கணக்காக ‘பிரவுன்ஷ்வைக்-லூனபர்க் பிரபுக்கள்’ என்று இந்தக் குலம் தன்னை அழைத்துக்கொண்டதே, அந்த இரண்டு பெயர்களும் பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதன நிலம், மஞ்சள்காணி.

கெர்ட்ரூடின் மகன்தான் சிங்கம் எனப்பட்ட ஹைன்ரிக். சாக்சனியும் பவேரியாவும் ஒருசேர அவன் கையில் இருந்தன. அவனுடைய எதிரியாக மாறிய பேரரசன் பார்பரோசாவும் வெளியாள் அல்லன். பார்பரோசாவின் தாய் வெல்ஃப் குலத்துப் பெண். சிங்க ஹைன்ரிக்கின் சொந்த அத்தை அவள். அத்தை மகனும் மாமன் மகனும் மோதிக்கொண்டார்கள். 1180இல் ஹைன்ரிக் இரண்டு நாடுகளையும் இழந்து, மாமனாரான இங்கிலாந்து அரசனிடம் அடைக்கலம் போனான். பிறகு பகை தணியத் தொடங்கியதும் ஒரு கல்யாணத்தால்தான். அவனுடைய மூத்த மகனுக்கும், பார்பரோசாவுக்குப் பின் பேரரசனான அவர் மகனின் சித்தப்பா மகள் ஆக்னெஸுக்கும், பெண்ணின் தாய் ரைன் நதிக்கரையில் ஷ்டாலெக் கோட்டையில் வைத்து, கணவனுக்கே தெரியாமல் திருமணத்தை நடத்திவிட்டாள். பெண்ணைப் பிரான்ஸ் அரசனுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது! பேரரசன் கொதித்தான், பிறகு ஏற்றுக்கொண்டான். 1194இல் கிழட்டுச் சிங்கத்தோடு சமாதானமும் ஆயிற்று.

ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டி லைப்னிட்ஸிடம் போகிறேன், ஏனென்றால் உன் அலைச்சலைப் படித்தபோது அவருடைய நினைவுதான் வந்தது. நுண்கணிதம் கண்டவர்களில் ஒருவரான அதே லைப்னிட்ஸ். 1685இல் ஹானோவர் பிரபு அவரைத் தன் வெல்ஃப் குலத்தின் வரலாற்றை எழுதப் பணித்தார். எஸ்தே உறவு மெய்தானா என்பதே அப்போது சர்ச்சையாக இருந்தது. லைப்னிட்ஸ் 1687இல் புறப்பட்டு, மியூனிக், வியன்னா, ரோம் என்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அலைந்தார். ஆக்ஸ்பர்க் மடம் ஒன்றில் பழைய வெல்ஃப் வரலாற்றின் சுவடியைப் பார்த்தார். 1690 பிப்ரவரியில், வட இத்தாலியின் வங்கதிட்சா மடத்தில், ஆட்சோவும் குனிகுண்டேயும் புதைக்கப்பட்ட இடத்தில் அவர்களுடைய கல்வெட்டுகளைக் கண்டுபிடித்தார். 1055இல் இமிட்சா நம்பிய அந்த மகளின் பெயர், கல்லில்! பழைய பத்திரத்தில் உன் கொள்ளுப்பாட்டனார் கைநாட்டைக் கண்ட அன்று கை நடுங்கியது என்று எழுதியிருந்தாயே, லைப்னிட்ஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக 1695இல் ஹானோவர் குடும்பத்துப் பெண்ணை மொடெனாவின் எஸ்தே பிரபுவுக்கு மணம் முடித்தார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த அண்ணன் தம்பி கிளைகள் மறுபடி சேர்ந்தன என்று கொண்டாட்டம். நம் கணக்கில் அவர்கள் பங்காளிகள். பெண் கொடுத்து எடுப்பதை நம் பெரியவர்கள் ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள். லைப்னிட்ஸ் 1716இல் இறக்கும்போது வரலாறு 1005ஆம் ஆண்டு வரைதான் வந்திருந்தது. இமிட்சாவின் கதைக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் பாக்கி. எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அதற்குள் அவருடைய எஜமானர் ஜார்ஜ், 1714இல் பிரிட்டனின் அரசராகிவிட்டார். அதுவும் எப்படி? அவருடைய தாய் சோஃபியா, ஸ்டூவர்ட் அரசன் ஜேம்ஸின் மகள் வயிற்றுப் பேத்தி. அதே ஜார்ஜ்தான் 1717இல் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குவுக்குக் கடிதம் எழுதியவர். உன் ஊருக்கு வெகு பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டது பார், இந்தக் குடும்பம். 1837இல் பிரிட்டன் விக்டோரியாவுக்குப் போனபோது, ஆண்வாரிசு விதியால் ஹானோவர் அவளுக்குக் கிடைக்காமல் அவளுடைய சிற்றப்பனுக்குப் போயிற்று. ஒரு பெண் வழியாகச் சேர்ந்த இரண்டு அரசுகள், ஒரு பெண் பட்டத்துக்கு வந்ததால் பிரிந்தன.

பெரியப்பாவிடம் நீ வாதாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் வயதுக்கு அவர் சொல்வது நியாயம். ஆனால் கும்பாபிஷேகத்துக்கான பிரதி வேறு, வீட்டில் இருக்க வேண்டிய பிரதி வேறு. உன் படத்தில் நான்காம் தலைமுறையில், மனைவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘வடகரைப் பெண்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். வாய்க்காலுக்கு மேற்கே உள்ள நஞ்சை அவருக்கு மஞ்சள்காணியாக வந்தது என்று விடுதி நாட்களில் நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அந்த நெல்லில்தானே நீ படித்தாய்?

சீர்காழி அத்தைக்கு இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அடுத்த முறை போகும்போது அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள். படத்தைப் பத்திரமாக உருட்டி, மருமகன் டிசம்பரில் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். உன் பெயருக்குக் கீழே இருந்த குறுக்குக் கோட்டிலிருந்து பென்சிலால் இரண்டு கிளைகள் இறக்கி, பெண்கள் இருவரின் பெயரையும் எழுதியிருக்கிறேன். மையால் எழுதுவது உன் வேலை.

தங்கைக்கும் பெண்களுக்கும் என் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்