டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்பட்ட பழைய தியேட்டர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன், படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் கட் அவுட், விசில், முதல் நாள் முதல் காட்சி என்று எல்லாமே ஆண்களின் ஞாபகமாகவே இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கொட்டகை என்னவாக இருந்தது என்று ஒரு வரிகூட இல்லையே என்ற வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டம் ஆனது, நான் சொல்கிற எழுபதுகளில் எல்லாமே தருமபுரி மாவட்டம். ஊருக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, நடுவில் இடுப்பளவு மண்சுவர், அதற்கு இந்தப் பக்கம் பெண்கள். பக்கவாட்டில் வெறும் தட்டிதான் என்பதால் பொழுது சாய்ந்தால்தான் திரையில் படம் தெரியும். குழாய் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு போட்டதும் அது கொல்லை மேடு வரைக்கும் கேட்கும், கேட்டதும் அம்மா அவசர அவசரமாகக் களியைக் கிண்டி மூடி வைத்துவிட்டுக் கிளம்புவார். மாங்காய் சீசனில் தோப்புக் கூலி கையில் இருக்கும், அப்போது தெருவே காலியாகிவிடும்.

தனியாக யாரும் போக மாட்டார்கள், பேச்சு வரும். சின்னம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அவ்வா, கைக்குழந்தைக்காரிகள் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்துதான் போவோம். அவ்வா வீட்டில் தெலுங்கு, சினிமாத் தமிழ் அவருக்கு முழுசாகப் புரியாது, அதனால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது என் வேலை. சந்தைக்குப் போனால் வீட்டில் கணக்கு சொல்ல வேண்டும், கோயிலுக்குப் போனால் பூஜை முடிந்ததும் திரும்ப வேண்டும். கொட்டகையில் மட்டும்தான் அந்தப் பெண்களை மூன்று மணி நேரம் யாரும் எழுப்பி வேலை சொல்ல முடியாது.

இதில் படத்தைவிட முக்கியமானது படம் நிற்கிற நேரம். பெரிய தியேட்டர்களில் இரண்டு மெஷின் வைத்திருப்பார்கள், ஒன்றில் ரீல் முடியும்போது மற்றது ஓட ஆரம்பித்துவிடும். 1,000 அடி ரீல் ஒன்று 11 நிமிஷம்தான் வரும், ஆபரேட்டர் எத்தனை ரீலை ஒட்டிச் சுற்றி வைத்தாலும் எங்கள் ஊர் மாதிரி ஒற்றை மெஷின் கொட்டகையில் மூன்று நான்கு தடவை படம் நிற்கத்தான் செய்யும். உடனே ஆண்கள் பக்கம் கூச்சல் கிளம்பும். பெண்கள் பக்கம் யாரும் கத்த மாட்டார்கள், வறுத்த கடலைக்காயைப் பிரித்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்குச் சீட்டு விழுந்தது, எந்தத் தோப்பில் கூலி ஒழுங்காகத் தருகிறார்கள், புருஷன் அடித்த காயத்துக்கு என்ன பூசினாள், எல்லாம் அங்கேதான். என் பெரியம்மா மகளுக்கு வரன் அமைந்ததே அப்படி ஒரு இடைவேளையில்தான்.

அதற்காக எல்லாம் பொற்காலம் என்று சொல்லவில்லை. 1979இல் தூத்துக்குடியில் ஒரு டூரிங் டாக்கீஸ் தீப்பிடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் கொட்டகையில் பெண்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு குறுகலான வழி, அதுவும் டிக்கெட் கொடுக்கும் இடத்தை ஒட்டி. அந்தச் செய்தி வந்த பிறகு அப்பா எங்களை ரொம்ப நாள் விடவில்லை, அவர் பயந்தது நியாயம்தான்.

அப்புறம் டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க டிவி இருக்கிற வீட்டுக்குப் போனோம். ஆனால் அங்கே வீட்டுக்காரர் முகம் பார்த்து வாசலோரம் உட்கார வேண்டும், சத்தமாகச் சிரிக்க முடியாது. கொட்டகையில் அம்மா சொந்தக் கூலியில் டிக்கெட் வாங்கி, மணலைக் கூட்டி மேடாக்கி, அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டும் ஒன்றா? இப்போது டவுனில் ஏசி தியேட்டர் இருக்கிறது, ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் மகனோ பேரனோ மனசு வைத்து வண்டி எடுக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி எழுதும்போது பாலக்கோடு, பென்னாகரம், அரூர், போச்சம்பள்ளி பக்கமும் யாரையாவது அனுப்புங்கள். எழுபது வயது தாண்டிய பெண்களிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், பெண் நிருபராக இருந்தால் இன்னும் நல்லது, மனசு விட்டுப் பேசுவார்கள். எந்தப் படம் பார்த்தீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம், யார் யாரோடு போனீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மாங்காய் சீசன் முடிந்து வந்தால் சௌகரியம், அதுவரைக்கும் பகலில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது.

அன்புடன்,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம்