மட்டிய யாரு டெஸ்ட் பண்றது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் செல்லூர்ல இருக்கேன். எங்க மதினி வீடு ராமநாதபுரம் கடற்கரைல மண்டபம்ங்கிற ஊர் பக்கம், வரும்போதெல்லாம் மட்டிய (கடல் சிப்பி வகை) அவிச்சு சதைய எடுத்து தூக்குவாளி நிறைய கொண்டு வருவாங்க. போன மாசம் வந்தப்ப, பிள்ள பெத்து மூணு மாசம் ஆன என் மக "இத நான் சாப்பிடலாமாம்மா"ன்னு கேட்டா, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

மீன் கெடாம இருக்க ஃபார்மலின் மருந்து போடுறாங்களான்னு மார்க்கெட்ல ரெய்டு நடக்குது, நல்ல விஷயம், அதுக்கு கையோட வச்சு பாக்குற கிட் வந்துருச்சு, கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுடும். ஆனா டிடிடி (பழைய பூச்சி மருந்து), பிசிபி (டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் கெமிக்கல்), டையாக்சின் (பிளாஸ்டிக் எரிஞ்சா வர்ற விஷம்) இதெல்லாம் அதுல தெரியாது, லேபுக்கு அனுப்பி பெரிய மெஷின்லதான் பாக்கணும். இந்த விஷமெல்லாம் லேசுல மக்காது, வருஷக்கணக்கா சேத்துல கிடக்கும், உடம்புக்குள்ள போனா கொழுப்புல தங்கிடும், தாய்ப்பால் வழியா பிள்ளைக்கும் போகும் (அதுக்காக பால் குடுக்குறத யாரும் நிறுத்திடாதீங்க, தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்ல). மட்டியும் ஆளியும் (இதுவும் சிப்பி வகைதான்) ஒரே இடத்துல கிடந்து கடல் தண்ணிய இழுத்து வடிகட்டி திங்கிற ஜீவன், அந்த தண்ணில என்ன இருக்கோ அது சதையில சேந்துக்கிட்டே வரும். தண்ணில போட்டு வச்சா மண்ண கக்கும், இத கக்காது. கொதிக்க வச்சாலும் மஞ்சத்தூள் போட்டாலும் போகாது.

டிடிடிய விவசாயத்துக்கு 1989-லயே தடை பண்ணிட்டாங்க, கொசு மருந்தா மட்டும் அதுக்கப்புறமும் அடிச்சாங்க. பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்ல இருக்குற பிசிபிய 2025 டிசம்பர் 31-க்குள்ள முழுசா ஒழிக்கணும்னு 2016-லயே மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. அந்த ஆயில் எல்லாம் எங்க போச்சுன்னு யாராவது சொல்லணும்ல?

கடல் எங்கயோ இருக்கு நமக்கென்னன்னு மதுரைக்காரங்க நினைக்கக்கூடாது. வைகை கடலுக்கே போகாதும்பாங்க, ஆனா வெள்ளம் வர்ற வருஷம் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைஞ்சு மிச்ச தண்ணி ஆத்தங்கரைங்கிற ஊர் பக்கம் போய் கடல்ல விழுது. இங்க பந்தல்குடி வாய்க்கால் ஓரத்துல வயர எரிச்சு செம்பு எடுக்குறத நானே பாத்துருக்கேன், பிளாஸ்டிக் வயர் எரியிற புகையில டையாக்சின் உண்டு, அந்த சாம்பல் மழைக்கு வாய்க்கால்ல இறங்கி வைகைக்குத்தான போகுது?

அமெரிக்கால 1986-லேர்ந்து கடலோரத்து ஆளி, சிப்பிய எடுத்து டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட பொதுவுல போடுறாங்க. நமக்கு மண்டபத்துலயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு. உணவு பாதுகாப்புத் துறையும் மீன்வளத் துறையும் அவங்களும் சேந்து பாக் ஜலசந்தி மட்டி, ஆளி, நண்ட வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எடுத்துப் பாக்கணும், எந்த கடற்கரைல எடுத்தது, எவ்வளவு இருக்கு, கர்ப்பிணிகளும் பால் குடுக்குற தாய்மாரும் சாப்பிடலாமான்னு தமிழ்ல எழுதி மீன் மார்க்கெட் வாசல்ல ஒட்டணும். மட்டி பொறுக்குற பொம்பளைங்க பொழப்பு கெட்டுடும்னு இத மூடி வைக்கிறது சரியில்ல, சுத்தமா இருக்குன்னு ரிசல்ட் வந்தா அவங்கதான் முதல்ல தைரியமா கூவி விப்பாங்க.

இப்படிக்கு,
செல்லூர் வாசகி, மதுரை